ஆலிம்கள் சஹன்

எங்கள் வாப்பா மௌலவி இல்லை என்பது எனக்குத் தெரியவந்தது உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சியின் கல்யாணச் சாப்பாட்டில்தான். அப்போது என் கையில் ஒரு கோழிக்கால் இருந்தது.

அதுவரை எங்கள் ஊர் அலவத்துகொடையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எங்கள் கடைக்குக் கராம்பும் மிளகும் கொண்டுவருகிறவர்கள், பஸ் கொண்டக்டர், பின்னேரம் எங்கள் வீட்டுக்குக் குர்ஆன் ஓத வரும் பிள்ளைகள், எல்லோருக்கும் அவர் மௌலவிதான். பக்கத்துக் கடைச் சிங்கள முதலாளிகூட "மௌலவி மாத்தயா" என்பார். வகுப்பில் ஒருத்தி தான் டொக்டர் மகள் என்று பீற்றிக்கொண்டால் நானும் சும்மா விடமாட்டேன்.

கல்யாணம் தெல்தெனியவில். எங்கள் கல்யாணங்களில் ஆறு பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அதைத்தான் சஹன் என்பது. மார்க்கம் படித்த ஆலிம்களுக்கென்று முன்னால் தனி சஹன் ஒன்று வைப்பார்கள். உம்மாவின் நானா, எங்கள் மாமா, வாப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அதில் உட்காரவைத்தார். சாப்பிட்டு முடிந்ததும் துஆ ஓதப்போவது வாப்பாதான் என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தார். முதல் நாள் வாப்பா கடையில் தராசுக்குப் பின்னால் நின்று அந்தத் துஆவை முணுமுணுத்துப் பார்த்ததை நான் கண்டேன். எவ்வளவு ஆசை அவருக்கு!

நாங்கள் சின்னப்பிள்ளைகள் அடுத்த சஹனில் இருந்தோம். வாப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த இளம் மௌலவி மரியாதையாகத்தான் கேட்டார்.

"மௌலவி எந்த மத்ரஸாவுல ஓதின? எந்த வருஷம் பட்டம் எடுத்த?"

இரண்டு மௌலவிமார் சந்தித்தால் முதலில் கேட்பதே அதுதான். கராம்பு வாங்குகிறவர் எந்தப் பக்கத்துச் சரக்கு என்று கேட்பதுபோல. அதில் அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வாப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர். "பட்டம் எடுக்கல்ல. கடைசி வருஷம் எங்கட வாப்பா மௌத்தாகிட்டாங்க. கடயப் பாக்க வந்துட்டன். ஊராக்கள் அன்புக்குச் செல்றாங்க."

சாப்பாட்டைக் கவனித்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு இது போதுமாக இருந்தது. "அன்புக்கு எதயும் செல்லலாம். ஓதி முடிச்சவங்களுக்குத்தானே அந்தப் பேரு? ஊசி போடத் தெரிஞ்சவங்க எல்லாம் டொக்டராகேலுமா?"

மாமாவுக்கு மூக்கு நுனியில் கோபம். "எங்கட ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் ஓதிக் குடுத்த இவர்தான். மையத்து வீடெண்டா மொதல்ல ஓடிப் போற இவர்தான். இவர மௌலவி எண்டு செல்லாம வேற என்னெண்டு செல்ற?"

மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் மனஸ்தாபம் வர ஏதாவது ஒன்று வேண்டும். அன்றைக்கு அது எங்கள் வாப்பாவாகிப் போனது. குரல்கள் ஏறிக்கொண்டே போக, அந்தச் சஹனில் ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. இளம் மௌலவி ஏன் கேட்டோம் என்ற முகத்தோடு தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

வாப்பா எழும்பினார். "சோறு ஆறுது, சண்ட வாணாம். புள்ளைகள்ட சஹன்ல ஒரு ஆள் கொறயுது" என்றார். பொய். நாங்கள் ஏற்கனவே ஏழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம்.

எனக்கோ தலைகால் தெரியாத சந்தோஷம். பெரியவர்களை விட்டுவிட்டு என்னோடு சாப்பிட வாப்பா வந்துவிட்டார்! எங்களுக்கெல்லாம் இறைச்சியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தார். அவர் சாப்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை. கடைசியில் அந்த இளம் மௌலவிதான் துஆ ஓதினார். ஒவ்வொரு வரிக்கும் வாப்பாவின் ஆமீன் எல்லோரையும் விடச் சத்தமாகக் கேட்டது.

வட்டிலப்பம் வருவதற்கு முன்பே செய்தி பெண்கள் பக்கம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உம்மா வீட்டுக்கு வந்து, கல்யாணச் சாரியைக்கூட மாற்றாமல், நேரே குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வாப்பாவின் முன்னால் நின்றா.

"மௌலவி, தேத்தண்ணி குடிங்க."

உம்மா வாப்பாவை "இஞ்சருங்க" என்பதைத் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டு நாங்கள் கேட்டதே இல்லை. உம்மா பகிடி பண்ணுகிறா என்று நானும் என் நானாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. வாப்பா கோப்பையை வாங்கினார், குடிக்காமல் வைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

தேத்தண்ணி சூடு போல என்று நினைத்து, நான் பக்கத்தில் போய் நின்று ஊதிக் கொடுத்தேன்.