கசந்த சுரை

“கண்டறியாத வெதைய நம்ம சொரைக்குப் பக்கத்துல ஊனுறியே தாயி, ரெண்டும் கலந்துறாதா?” என்று கேட்டார் பக்கத்து வீட்டுச் சித்தி.

“நான் காலேஜ்ல படிச்சதே செடியப் பத்தித்தான் சித்தி” என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் அந்தப் பதிலில் இருந்தது.

கைபேசியில் விதை மாற்றிக்கொள்ளும் குழு ஒன்றில் இருந்தேன். அம்மாவின் முண்டு மிளகாய் விதையை அனுப்பி, நீளக் கழுத்து வளைந்த ஒரு சுரையின் விதையைத் தபாலில் வாங்கியிருந்தேன். கருவேல முள்வேலியில் அம்மாவின் சுரையோடு அதையும் ஏற்றிவிட்டேன். காய்கள் அழகாகத் தொங்கின. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். புதுச் சுரையில் ஒன்றை அறுத்து நாக்கில் வைத்தபோது வேம்பாகக் கசந்தது. துப்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவின் சுரை அந்த வருடம் எப்போதும்போல இனித்தது. முதல் காயை விதைக்கு விட்டு, முற்றியதும் விதையெடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்தாள். எங்கள் தெருவில் சுரை விதையை யாரும் கடையில் வாங்குவதில்லை. ஒரு பிடி வெண்டை விதையோ கொத்தவரை விதையோ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அம்மாவிடம் வாங்கிப் போவார்கள். அவள் கை ராசியான கை என்று பெயர். அவள் விதையை அள்ளிக் கொடுக்கும்போது நானும் அங்கேதான் இருந்தேன். மகரந்தச் சேர்க்கைக்குப் படம் வரைந்து பத்து மதிப்பெண் வாங்கியவள் நான். காய் இனித்தாலும் உள்ளே இருக்கும் விதை கலந்திருக்கலாம் என்று தோன்றத்தான் செய்தது. அப்படியெல்லாம் ஆகாது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த வருடம் அந்த விதையை ஊன்றிய எல்லா வீட்டுக் காயும் கசந்தது.

“என்ன மதினி, சொரைக்கு வேப்பெண்ணெய ஊத்துனீகளா?” என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள்.

“எம் மாமியா ஒரு வாய் வச்சுட்டு, ‘எனக்கு மருந்து வச்சுட்டியாடி’ன்னு கத்துது!” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும், “எங் கை கெட்டுப் போச்சு போல. இனி யாருக்கும் வெதை குடுக்க மாட்டேன்” என்றாள். சாம்பலில் மிச்சமிருந்ததைக் குப்பையில் கொட்டினாள். மூன்று நாள் அவள் குழாயடிக்குப் போகவில்லை. நான்தான் தண்ணீர் எடுத்தேன், தலையைக் குனிந்துகொண்டு.

நான்காம் நாள் காலையில் அம்மாவைக் கையோடு குழாயடிக்குக் கூட்டிப் போனேன். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

“அம்மா கையில ஒண்ணுமில்ல. நான் வச்ச கசப்புச் சொரை கலந்துருச்சு. தெரிஞ்சே சொல்லாம இருந்தேன். அந்தக் காயத் திங்காதீக, வெதையும் எடுக்காதீக” என்று குரலைத் தாழ்த்தாமல் சொல்லிவிட்டேன்.