சுவரில் எங்கள் வீட்டு நம்பர்

ஜூன் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்று காலண்டர் சொல்கிறது... வெயிலிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த நேரத்துக்கே சேலையூரில் ஓர் இலை அசையவில்லை. எனக்கு பனியன் நனைந்துவிட்டது.

என் மனைவி பார்வதி டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கவலைப்படாதீங்க தம்பி. ஒன்பது மணிக்குள்ள வண்டி வந்துடும். நீங்க முதல்ல ஒரு வாய் காப்பி குடிங்க."

எதிர்முனையில் இருந்தவர் பல்லாவரத்துக்காரர். பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அன்று பத்தரை மணிக்கு அவர் தங்கைக்கு நிச்சயதார்த்தம். வீட்டில் செப்டிக் டேங்க் நிரம்பி, பின்கட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

ரயில்வே கணக்குப் பிரிவில் ரிட்டயரான ஒருவன் வீட்டுக்கு இந்த போன் ஏன் வர வேண்டும்?

காரணம், கன்னியப்பன்.

எங்கள் பகுதியில் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு தொட்டிதான். நிரம்பினால் உறிஞ்சி எடுத்துப் போக லாரி வேண்டும். கேம்ப் ரோடில் அந்த லாரி வைத்திருப்பவர் கன்னியப்பன். வேண்டுமென்றால் டீக்கடையில் சொல்லிவிட்டு வர வேண்டும். அவர் வந்து டீ குடிக்கும்போது தகவல் சேரும். அவ்வளவுதான் அவருடைய ஆபீஸ்.

சேலையூரை விட்டு வெளியே தொழிலை விரிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இன்னொரு லாரி வாங்கப் பணம் இல்லை. ஆனால் பல்லாவரத்தில் ஒரு பாய், தோல் தொழிற்சாலைக்குத் தண்ணீர் ஓட்டிய டேங்கர் லாரியைச் சும்மா நிறுத்தி வைத்திருந்தார். இருவரும் கூட்டுச் சேர முடிவானது. பாய் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"வண்டி நான் தர்றேன். ஜனங்க கூப்புட ஒரு போன் நம்பர் நீ கொண்டா. டீக்கடைய நம்பி நான் பார்ட்னர் ஆவ மாட்டேன்."

கன்னியப்பன் எங்கே போவார் போனுக்கு? எங்கள் தெருவில் போன் இருந்தது ஒரே வீட்டில். ஏழு வருடம் நான்கு மாதம் காத்திருந்து வாங்கிய போன்.

"பி.பி. நம்பரா குடுத்துக்கிறேன் சார். எப்பனா ஒண்ணு ரெண்டு வரும், அவ்ளோதான்" என்றார்.

இந்த பி.பி. விஷயம் உங்களுக்குத் தெரியாததா? கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் அடுத்த வீட்டு நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று இரண்டு எழுத்தைச் சேர்த்துவிட்டால் போதும்... போன் அவர்களுடையது மாதிரி, ஓடிப்போய்க் கூப்பிடும் வேலை நம்முடையது. சரி, கார்டு அடிப்பார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

அவர் கார்டு அடிக்கவில்லை. சுவரில் எழுதினார். சேலையூர் தொடங்கி பல்லாவரம் வரை பதினோரு சுவர்கள். நீலப் பெயின்ட்டில், ஓர் ஆள் உயரத்துக்கு எங்கள் நம்பர்.

அன்றிலிருந்து போன் ஓயவில்லை. நான் முணுமுணுத்தேன். ஆனால் பார்வதி வேறு மாதிரி ஆகிவிட்டாள். யாருக்கு எந்தத் தெரு, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எதை முதலில் அனுப்ப வேண்டும்... எல்லாம் அவள் வாயில். பாயிடம் பேச அவருடைய எதிர்க்கடைக்குப் போன் செய்வாள். அதுவும் பி.பி.தான்.

கன்னியப்பன் ஒரு பங்கு தருவதாகச் சொன்னபோது, "நம்ம தொட்டிய சும்மா எடுத்து விட்டுடுங்க, போதும்" என்று அவளே பேரத்தை முடித்துவிட்டாள். என்னை யார் கேட்டார்கள்?

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள், சுமதி. கல்யாணமாகி நாக்பூரில் இருக்கிறாள். அவள் வீட்டில் போன் இல்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு, காலனி வாசலில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து பேசுவாள். வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு நிமிடம். இப்போது அவளுக்கு நான்காம் மாதம். போன வாரம் பேசும்போதே குரல் சரியில்லை. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். என்ன ஏது என்று கேட்பதற்குள் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அந்த அடுத்த ஞாயிறுதான் இது. ஐந்து ஐம்பத்தைந்துக்குப் பல்லாவரத்துத் தம்பி கூப்பிட்டார். வீட்டுக்கு வழி சொன்னார். பிறகு பாயின் எதிர்க்கடைக்குப் போன். கடைக்காரர் பாயை எழுப்பி அழைத்து வரும்வரை பார்வதி ரிசீவரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். மறுபடியும் தம்பி. அவர் அழாத குறை... இவளும் பேசிக்கொண்டே இருந்துவிட்டாள். ரிசீவரை வைத்தபோது மணி ஆறு முப்பத்தைந்து.

அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை. ஏழு ஆனது, எட்டு ஆனது. பார்வதி தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றவே இல்லை.

மறுநாள் மாப்பிள்ளையின் ஆபீஸுக்குப் போன் செய்தேன். வேலையாக வெளியூர் போயிருக்கிறார், வெள்ளிக்கிழமை வருவார் என்றார்கள். சுமதியைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

கன்னியப்பனை வீட்டுக்கு வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன். "எல்லாச் சுவத்திலயும் நம்பரை அழிச்சிடுங்க" என்றேன்.

அழித்தால் பாய் விலகிவிடுவார், பழையபடி டீக்கடைதான். அது எனக்கும் தெரியும்.

"பொண்ணு விசயம் சார். நீங்க சொன்னா சரி. பாயாண்ட நான் பேசிக்கிறேன்" என்றார். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பார்வதிதான் சொன்னாள்: "அழிக்காதீங்க."

"அழிக்காம? அடுத்த வாரமும் இதே கதை ஆகவா?"

"சுமதி போனதுக்கு அப்புறம் வாரத்துல ஆறு நாள் அந்த போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்பதான் அது பேசுது."

ஆனாலும் செவ்வாய்க்கிழமை பெயின்டரை அழைத்துக்கொண்டு, சுண்ணாம்பு வாளியோடு பல்லாவரம் போய்விட்டேன். தூரத்திலிருந்து அழித்துக்கொண்டே வரலாம் என்று கணக்கு.

முதல் சுவர் சந்தைக்குப் பக்கத்தில். பெயின்டர் பிரஷ்ஷை முக்கியதும் பூக்கூடையோடு ஓர் அம்மாள் வந்து நின்றாள்.

"இன்னாத்துக்குப்பா அழிக்கிற? போன் அம்மா நம்பராச்சே அது."

"போன் அம்மாவா?" என்றேன்.

"ஆமா சார். எங்க வூட்டு ஓனரு கூப்ட்டாரு. அந்தம்மா வண்டி வந்துச்சான்னு கேட்டுட்டு, சாப்ட்டீங்களான்னு வேற கேட்டுதாம். பீ லாரிக்கு போன் பண்ணா யாரு சார் அப்டி கேப்பா? நீ யாரு?"

"நான் அந்த அம்மா வீட்டுக்காரன்."

எப்படியோ, நாக்பூர் வரை எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். வீட்டில்கூட நான் அவ்வளவு பேசியது கிடையாது. அவள் கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"பொண்ணு பேசற நேரம்னு எங்களுக்கு இன்னா ஜோசியமா தெரியும்? அதையும் சுவத்துல எழுதிப் போடு. படிக்கத் தெரிஞ்சவன் தெரியாதவனுக்குச் சொல்லிட்டுப் போறான். நாங்க மட்டும் புள்ள பெத்தவங்க இல்லியா?"

பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் சுண்ணாம்பு வாளியைப் பார்த்தேன். பிறகு, நீலப் பெயின்ட் இருக்கிறதா என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை திரும்பியிருப்பார். போன் செய்யட்டுமா என்றேன். "வேணாம். அவளே சொல்லட்டும்" என்றாள் பார்வதி. பயம். எனக்கும்தான்.

ஜூன் பன்னிரண்டு, ஞாயிறு. ஐந்தரையிலிருந்து போன் பக்கத்திலேயே இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் கூப்பிடவில்லை. சேலையூரிலிருந்து பல்லாவரம் வரை ஒரு தொட்டியும் நிரம்பவில்லையா என்ன?

ஆறு இரண்டுக்கு மணி அடித்தது. பார்வதி எடுத்தாள்.

"சொல்லுடி" என்றாள். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "ரெண்டாம். குழந்தை ரெண்டாம். ரெண்டும் நல்லா இருக்காம்."

எல்லாவற்றையும் எண்ணுகிறவன் நான். இதை இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன்.

ஏழு மணி ஒரு நிமிடத்துக்கு மறுபடியும் போன். இந்தத் தடவை நான் எடுத்தேன். தெரியாத ஆண் குரல்.

"சார், பொண்ணு பேசிடுச்சா?"

"பேசிட்டா."

"நல்லா கீதா?"

"நல்லா இருக்கா."

"சரி சார். அப்ப வண்டிய அனுப்பி வுடுங்க. ராத்திரிலேர்ந்து வழிஞ்சிகினு கீது."

சுவரில் சேர்த்து எழுதியது இதுதான்: 'ஞாயிறு காலை ஆறு முதல் ஏழு வரை கூப்பிட வேண்டாம். மகள் பேசுவாள்.' சுவருக்கு இருபத்தொன்பது எழுத்து, எழுத்துக்கு ஐம்பது காசு, பதினோரு சுவர். 'மகள் பேசுவாள்' என்ற ஏழு எழுத்துக்குப் பெயின்டர் காசு வேண்டாம் என்றுவிட்டார். ஆக மொத்தச் செலவு, நூற்று இருபத்தொரு ரூபாய்.