சூசை அண்ணனின் பாதி மாத்திரை

வாழைக்குலை விலை படியாமல் நானும் திருவட்டாறு விவசாயி ஒருவரும் இழுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "கருவாட்டுக்கடை சூசை அண்ணன் போயாச்சு. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சுட்டு." விவசாயி கேட்ட விலைக்கே குலைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் தொழிலில் அப்படி நான் செய்ததே இல்லை.

கொட்டாரம் சந்தையில் என் பழக்கடைக்கு அடுத்த கடை அவருடையது. கடற்கரைக்காரர், குரல் பெரிது. கருவாட்டு வாடை என் வியாபாரத்தைக் கெடுக்கிறது என்று ஒருநாள் சண்டைக்குப் போனேன். "உன் பழம் மணக்குன்னு சொல்லுகவன் எல்லாம் என் கருவாட்ட மோந்துட்டு வந்துதாம்ல சொல்லுகான்" என்றார். அன்றிலிருந்து நாங்கள் ஒரே பாத்திரத்தில் டீ வாங்கிக் குடித்தோம்.

அவருக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. சிறுநீரகமும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாதங்களில் எரிச்சல். "மிளகாய்ப்பொடியில நிக்கிய மாதிரி இருக்கு மக்கா" என்பார். மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளை டாக்டர் அடியோடு நிறுத்தினார். சிறுநீரகத்துக்கு ஆகாது என்று சொல்லி, நரம்பு வலிக்கென்று வேறொன்றை எழுதினார். தினமும் ஒன்று.

அதில்தான் நான் தலையிட்டேன். கண்ட வலி மாத்திரைகளையும் விழுங்கிச் சிறுநீரகம் கெட்டுப்போனவர் என் சொந்த அண்ணன். அந்தப் பயம் எனக்கு இருந்தது. "வலி மாத்திரை எல்லாம் ஒரே சாதிதான் அண்ணே. அவரு ஒண்ணு எழுதுனா நீரு பாதி போடும். அதுவும் வலிக்கும்போது மட்டும்" என்றேன். சந்தையில் முதலில் சொல்லும் விலையை யாரும் உண்மை என்று எடுத்துக்கொள்வதில்லை. டாக்டர் எழுதிய அளவையும் நாங்கள் இருவரும் அப்படித்தான் பார்த்தோம். பாதிக்குப் படிந்ததும் ஏதோ ஜெயித்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

வருடக்கணக்கில் பாதி மாத்திரைதான். எரிச்சல் தணிய ஈரச்சாக்கை மிதித்துக்கொண்டு நின்று கருவாடு நிறுப்பார். டாக்டர் கேட்டால் "கொள்ளாம் சார், சொகம் உண்டு, ஒழுங்காப் போடுகேன்" என்று சொல்லிவிட்டு வருவார். அவர் மனைவி பிலோமி மயினி கடைக்கே வந்து ஏசுவாள். "முழுக் குளிகைய முழுங்க என்ன கேடு உமக்கு? ராத்திரி முழுக்கக் காலப் பிடிச்சிட்டு இருக்கீரு!" அண்ணன் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். என் பெயரைச் சொல்ல மாட்டார்.

போன வருடம் எனக்கும் சர்க்கரையால் கால் எரியத் தொடங்கியது. அதே டாக்டர், அதே மாத்திரை. "பாதி போதாதா சார்? கிட்னியை அடிக்குமே" என்று என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். "கிட்னியைப் பார்த்துத்தான் அளவே எழுதறேன். இது தினமும் போட்டாத்தான் வேலை செய்யும். சந்தேகம்னா என்கிட்ட கேளுங்க, நீங்களா குறைக்காதீங்க" என்றார்.

மறுநாளே அண்ணனைக் கூட்டிப்போய் உண்மையைச் சொல்ல வைத்தேன். டாக்டர் மறுபடி ரத்தம் பார்த்து, அளவைப் புதிதாக எழுதினார். சில வாரங்கள் கழித்து ஒருநாள், வெயில் ஏறிய பிறகு அண்ணன் கடைக்கு வந்தார்.

"உறங்கிட்டேன் மக்கா, கேட்டியா. விடிஞ்சதே தெரியல."

கதவைத் திறந்தவர் அப்படியே நின்று கேட்டார். "அப்போ இத்தன வருசம் நான் என்னத்துக்குலே வலிச்சேன்?"

என் முகத்தைப் பார்த்ததும் அவரே சிரித்தார். "சரி, விடு. எல்லாருகிட்டயும் பேரம் பேசின. என் காலுகிட்டயும் பேசிட்ட."

அந்த உறக்கம் அவருக்குச் சில மாதங்கள்தான் கிடைத்தது. மாரடைப்புக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். அதில் எனக்கு ஆறுதல் இல்லை. நான் கெடுத்தது அவர் உயிரை அல்ல, உறக்கத்தை. அதற்கு எந்த டாக்டரும் சமாதானம் சொல்ல முடியாது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியபோது மயினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மனுசன் சொன்ன பேச்சு கேட்காம அரக் குளிகைய முழுங்கிட்டுக் கெடந்தாரு. நீ கூட்டிட்டுப் போனதாலதான் கடைசியில காலு நீட்டி உறங்கினாரு மக்கா. நீ நல்லாயிருக்கணும்." நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மயினி, பாதி போடச் சொன்னது நான்தான். அத்தனை வருடமும் எனக்கு விழ வேண்டிய ஏச்சை, ஒரு வார்த்தை பேசாமல் அண்ணன் வாங்கிக்கொண்டு நின்றார். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மௌனம்தான். அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. நான் எழுதிய இந்தப் பக்கத்தை உங்கள் மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன். ஏசுங்கள்.