'அடியன்' என்று நின்றவர்கள்

அன்பின் உறவினர்களுக்கும் சபையாருக்கும் வணக்கம். எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு நிறைந்துவிட்டது. இந்த நினைவு மலரில் அவர்களைப் பற்றி நல்லபடியாக நான்கு வரி எழுது என்றார்கள் அம்மா. அப்பாவைப் பற்றி நல்லதை எழுதப் போனால் என்னைப் பற்றிக் கெட்டதையும் எழுதியாக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு பனங்காட்டு ஊரில். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, பிழைப்புத் தேடித் திருவனந்தபுரம் வந்து, நம் தமிழ்ச் சபையில் கோயில்குட்டியாகச் சேர்ந்தார்கள். மணியடிப்பது, பெருக்குவது, விளக்குத் துடைப்பது, கல்லறைக்குக் குழி வெட்ட ஆள் பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. பிறந்த பிள்ளைகளில் மூன்றை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய என்னை பி.ஏ. வரை படிக்க வைத்தார்கள்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய நாள் அப்பா ஓலை வகிர, நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை, "ராஜான்னா குதிரையிலதானே வரணும்? இயேசு ஏம்ப்பா கழுதையில வந்தாரு?" என்று கேட்டேன். அப்போது திருவிதாங்கூரில் மகாராஜாவின் ஆட்சி.

"பொன்னுத்தம்புரானைக் கண்டா நாமதான் 'அடியன்'னு குனிஞ்சு ஒதுங்கணும், மக்களே. இந்த ராஜா நம்மளக் கண்டு 'அடியன்'னு நின்னவரு. ஒசரத்துல ஏறி வந்தா நம்ம முகம் அவருக்குத் தெரியுமா?" என்றார்கள். என்னை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிறகு மகாராஜாவின் ஆட்சி முடிந்தது. எனக்கு செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா வேலை கிடைத்தது. "இனிமே யார்கிட்டயும் அடியன் கிடியன்னு சொல்லாதீங்கப்பா, மானம் போகுது" என்று கண்டித்தேன். அப்பா சரி என்றார்கள்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு என் ஆபீஸ் சூப்பிரண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல மழை. அப்போதுதான் கோயிலிலிருந்து திரும்பியிருந்த அப்பா, குடையோடு தெருவுக்கு ஓடி, தாம் நனைந்து அவரை நனையாமல் கூட்டி வந்தார்கள். காலெல்லாம் சேறு, தோளில் விளக்குத் துடைத்த அழுக்குத் துண்டு.

"இதாரா?" என்று சூப்பிரண்டு என்னிடம் மலையாளத்தில் கேட்டார்.

"இவிடெ சகாயத்தினு நில்க்குன்ன ஆளா, சார்" என்றேன். வீட்டில் உதவிக்கு நிற்கிற ஆளாம். பெற்ற தகப்பனைச் சொன்னேன்.

அப்பா என் முகத்தை ஒருமுறை பார்த்தார்கள். பிறகு சூப்பிரண்டிடம் குனிந்து, "அடியன்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்கள். கேக்கையும் காப்பியையும் அவர்களே கொண்டுவந்து வைத்தார்கள். நான் அதை எடுத்துச் சூப்பிரண்டுக்கு நீட்டினேன். அம்மா பல நாள் என்னோடு பேசவில்லை.

அப்பா மட்டும் அதைப் பற்றித் தாமாக ஒருபோதும் மூச்சு விடவில்லை. போன வருடம் காலெல்லாம் நீர் கோத்துப் படுத்துவிட்டபோது, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு நானே அதைச் சொல்லி அழுதேன்.

"என்னத்துக்கு மக்களே கரையுக?" என்றார்கள். "நீ ஒண்ணும் பொய் சொல்லலியே. உதவிக்கு நிக்கத்தானே வந்தேன். என் ராஜா செஞ்ச வேலையிலதானே என்னையும் வச்சே?"

'மன்னித்துவிட்டேன்' என்று சொல்லியிருந்தால் ஆறியிருப்பேன். ஏதோ பதவி கிடைத்தது போல அவர்கள் சொன்னதுதான் இன்றும் என்னை அறுக்கிறது. அடுத்த வாரம் அப்பா போய்விட்டார்கள்.

அடக்கத்துக்குச் சூப்பிரண்டும் மாலையோடு வந்தார். பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசிவரை மண்ணில் நின்றார்.

நோயில் பக்கத்தில் இருந்தவர்களுக்கும், ஊரிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்தவர்களுக்கும், பெட்டி தூக்கிய சபை வாலிபர்களுக்கும், அன்று மணியடிக்க ஆளில்லாமல் தாமே கயிற்றைப் பிடித்த போதகர் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரில் ஒரு படியைச் சூப்பிரண்டு அவர்களின் மேசையில் நானே கொண்டுபோய் வைக்கப் போகிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகையால் ஆபீஸில் அத்தனை பேர் முன்னிலையிலும் வாய்விட்டே சொல்லியாக வேண்டும்:

"சார், அது என்டெ அப்பன்."