சித்தப்பா காரின் பேட்டரி

சித்தப்பா இறந்த பிறகு அவருடைய பழைய கார் செந்தூலில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழேயே நின்றது. இரண்டு நாள் ஓட்டாமல் விட்டால் போதும், பேட்டரி செத்துவிடும். அப்பா புதுப் பேட்டரி வாங்கி மாட்டினார். அதையும் ஏதோ ஒன்று குடித்துத் தீர்த்தது. காலையில் காரைத் தொட்டால் எல்லா இடமும் சில்லென்றிருக்கும், பின்னால் சாமான் வைக்கும் பூட் மூடியில் மட்டும் ஆள் கை வைத்து எடுத்தது போல இளஞ்சூடு. அம்மா பயந்துபோனாள். அவர் இன்னும் போகவில்லை, காரை விற்றுத் தொலையுங்கள் என்று அப்பாவைப் பிடுங்கி எடுத்தாள்.

சித்தி எங்களோடுதான் இருந்தாள். விற்க வேண்டாம் என்று கெஞ்சினாள். அதற்கு முன் அவள் கெஞ்சியது கருமாதியன்று, சித்தப்பா படத்துக்கு முன்னால் பதினாறு நாளும் எரிந்த விளக்கை அணைக்க வேண்டாமென்று. அதற்கு மேல் எரிந்தால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா எடுத்துவிட்டாள். இப்போதும் யாரும் கேட்கவில்லை. காரை ஓடவைத்தால் வாங்க ஆள் தயார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கார் ரிப்பேர் பார்க்கும் போர்மேன் வந்தார். சித்தி கீழே இறங்கவே இல்லை. போர்மேன் பேட்டரியில் மீட்டரை மாட்டிவிட்டு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். விளக்கு ஃபியூஸைப் பிடுங்கியதும் கரண்டு இழுப்பது நின்றது. கண்ணுக்குத் தெரிந்த விளக்கெல்லாம் அணைந்துதான் கிடந்தது. பூட் விளக்கு, மூடினால் அணைகிறதா என்று வெளியே இருந்து எப்படித் தெரியும்? வீட்டிலேயே சின்ன உருவம் நான். மாட்டிக்கொண்டேன்.

"உள்ள படுத்துப் பாத்துச் சொல்லு பாப்பா, ஒரு நிமிஷந்தான் லா."

மூடி டப்பென்று விழுந்தது. விளக்கு அணையவில்லை. என் தலைமாட்டில், டூல் பெட்டிக்குப் பின்னால், ஒரு குட்டிச் செம்பு. வாயை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. கிள்ளான் கடலில் அப்பா சித்தப்பாவின் அஸ்தியைக் கரைத்தாரே, அந்தப் பானையிலும் இதே துணிதான். செம்பைச் சுற்றி மல்லிகை, கொஞ்சமும் வாடாதது. பக்கத்தில் யாரோ மூச்சுவிடாமல் படுத்திருப்பது போல இருந்தது. நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

திறந்ததும், லைட் எரியுது என்றேன். கேட்டது அவ்வளவுதான். செம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எப்போதும் எரியும்படி யாரோ சுவிட்சைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் அண்ணே என்று சொல்லி, போர்மேன் பல்பையே கழற்றி அப்பாவிடம் கொடுத்தார். இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அம்மா சிரித்தாள்.

மத்தியானம் சித்தி எனக்குத் தலை வாரினாள்.

"உள்ள இருந்தப்ப பயமா இருந்துச்சாம்மா?"

"இல்ல சித்தி. லைட் இருந்துச்சே. இருட்டா இருந்திருந்தா அழுதிருப்பேன்."

சீப்பு பாதியில் நின்றது.

"இப்ப?"

"இப்ப இருட்டுத்தான். பல்பை எடுத்துட்டாங்க."

சித்தி என் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படி அழுதாள். சிக்கெடுக்கும்போது வலிப்பது எனக்கு, அழுவது இவளா என்று எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது.