நடந்ததைத் திருத்தலாமா?

விஜயகலாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகள் அவள். அதே தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியையானாள். 2008இல் அந்தப் பாடசாலைக்கு நான்கு கணினிகளும் ஒரு தொலைபேசி இணைப்பும் வந்தபோது, பயிற்சிக்கு அவளைத்தான் அனுப்பினார்கள்.

அங்கே இரண்டு வழி காட்டினார்கள். வலைப்பதிவு என்றால் ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் கீழே கருத்துச் சொல்லலாம். விக்கி என்றால் ஒரே பக்கத்தை எல்லாரும் எழுதலாம், எல்லாரும் திருத்தலாம். பிள்ளைகள் எல்லாருடைய கையும் படட்டும் என்று அவள் விக்கியைத் தேர்ந்தெடுத்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் 'எங்கள் தோட்டம்' என்றொரு பக்கம் தொடங்கினார்கள். அதில் ஷாமிளா என்ற மாணவி எழுதினாள்: "டிஸ்பென்சரி பூட்டி மூன்று வருடம். என் சித்தியை லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். பிள்ளை வழியிலேயே செத்துப் பிறந்தது."

கல்வி அதிகாரிகள் பாடசாலையைப் பார்க்க வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. காலையில் பக்கத்தைத் திறந்தால் அந்த வரிகள் இல்லை. அந்த இடத்தில், "எங்கள் தோட்டத்தில் சகல வசதிகளும் உண்டு" என்றிருந்தது. ஷாமிளா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யார் எப்போது மாற்றினார் என்பதை விக்கி மறைக்காது. விஜயகலா தேடிப் பார்த்தாள். பாடசாலை அதிபர் சுதாகரனின் பெயர் இருந்தது. நேரே அவருடைய அறைக்குப் போனாள்.

"சேர், ஷாமிளா எழுதினத ஏன் அழிச்சீங்க?"

"யாரும் திருத்தலாம்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

"பிழையத் திருத்தலாம் சேர். நடந்ததத் திருத்தலாமா?"

"தோட்டத்துத் தொரை காதுல விழுந்தா, நாளைக்கு ஸ்கூல் கூரைக்குத் தகரம் யாரு குடுப்பா? நீங்களா?"

அவள் பழைய வரிகளை மீட்டுப் போட்டாள். அவர் மறுபடி அழித்தார். நான்கு நாள் இதே கூத்து. அதைப் பார்த்த பிள்ளைகளும் ஒருவர் எழுதியதை ஒருவர் அழிக்கத் தொடங்கினார்கள். வகுப்பில் சண்டை, அழுகை. அதிபர் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதி இப்போது அவள் மேலேயே திரும்பியது. ஒரு பிள்ளை தன் வீட்டுச் சாவைச் சொல்லும் இடத்தை, கண்டவன் கை வைக்கிற இடமாக்கியது அவள்தானே?

விக்கியை அவள் மூடவில்லை. விஞ்ஞானக் கலைச்சொற்களுக்கு அதை ஒதுக்கினாள். அங்கே ஒருவர் பிழையை இன்னொருவர் திருத்துவது நல்லதுதான். ஷாமிளாவுக்குத் தனியாக ஒரு வலைப்பதிவு திறந்து கொடுத்தாள்.

"ஒன் பேரு வெளிய தெரியும். பரவாயில்லையா?"

"என் சித்திதானே டீச்சர். என் பேரே இருக்கட்டும்."

அன்றே அதிபரிடம் போய்ச் சொன்னாள்: "இனி அத அழிக்க ஒங்களால முடியாது சேர். பொய்யின்னா கீழ எழுதுங்க. ஒங்க பேரப் போட்டு எழுதுங்க."

அவர் ஒரு எழுத்தும் எழுதவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். கலைச்சொற்களைப் பார்த்து, "ஹரி, போம ஹொந்தாய்", மிக நல்லது, என்று சிங்களத்தில் மெச்சினார்கள். விஜயகலா வலைப்பதிவையும் திறந்து, ஷாமிளா அதில் போட்டிருந்த அதே வரிகளைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் தாழ்ந்துகொண்டே போனது. ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அதிபர் வெளியே போய்விட்டார்.

அடுத்த மாதம் அவளுக்குக் கொடகவெலப் பக்கம் ஒரு பாடசாலைக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. டிஸ்பென்சரி இன்னும் பூட்டித்தான் கிடந்தது. ஆனால் ஷாமிளாவின் பதிவுக்குக் கீழே, எஹலியகொடப் பக்கத்திலிருந்து முகம் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள்: "எங்க தோட்டத்துலயும் இப்படித்தான். நானும் எழுதப் போறேன்."

புதிய பாடசாலையில் கணினியே இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே, கணினி கேட்டு விஜயகலா ஒரு கடிதம் எழுதினாள். கையெழுத்துப் போடும்போதும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை.