தண்ணீர் வராத காலை

இதயத் துடிப்பை அளக்க நாங்கள் கொடுத்த மார்புப் பட்டியைத் துண்டில் சுற்றிச் சாமிப் படத்தடியில் வைத்திருந்த ஒரே வீராங்கனை அவர்தான். இலங்கையின் மலையகத்தில், ஹாலிஎலவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டே தேசிய அணிக்கு ஓடினார். ஒல்லியான உடம்பு, கணுக்காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு.

நாலைந்து வருடங்களுக்கு முன் பதுளையில், ஓட்டக்காரர்களின் இதயத் துடிப்பைப் பார்ப்பது என் வேலை. காலையில் கண் விழித்ததும் பட்டியைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் படுத்திருக்க வேண்டும். துடிப்புகளுக்கு இடையிலான நேரம் கூடிக் குறைந்தால் உடல் ஆறியிருக்கிறது; ஒரே சீராக இருந்தால் களைத்திருக்கிறது. அவருடையது எப்போதும் ஒரே சீர். பயிற்சியைக் குறைத்துப் பார்த்தோம், மாறவில்லை. அணியிலிருந்து நிறுத்தும்படி எழுதுவதற்கு முன், தோட்டத்தில் அவர் குடியிருந்த லயத்து வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"எழும்பினதும்தானே கட்டுறீங்க?"

"ஆமாங்க சேர். நாலு மணிக்குப் பைப்புல தண்ணி வரும். புடிச்சு வச்சிட்டு, அடுப்பு மூட்டி, எல்லாருக்கும் சோறு கட்டிட்டு, அப்புறம் நீங்க சொன்ன மாதிரியே படுத்துக்கிட்டுக் கட்டுவேன்."

கையோடு கொண்டுபோன அவருடைய துடிப்பு வரைபடத்தைப் புரட்டினேன். பிறகு, "ஒரே ஒரு நாள் மட்டும் ரொம்ப நல்லா இருந்திச்சே?" என்றேன்.

கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு, திருட்டை ஒப்புக்கொள்பவர்போல் தலையைக் குனிந்தார்.

"அன்னைக்குத் தண்ணி வரலைங்க. அசந்து தூங்கிட்டேன்."

நான் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. அவர் பிறகு எங்கெங்கோ ஓடினார். அவருடைய வரைபடம் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் தூங்கி எழுந்த அந்த ஒரு காலைக்கு நேரே, அன்றே என் கையெழுத்தில் எழுதிய 'கருவிக் கோளாறு' அப்படியே இருக்கிறது.